உள்ளக் காயமும் ஆற்றுப்படையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த சான்றோர் பேசியிருக்கின்றனர். கம்பனைக் கேட்டோம், சிலம்பைக் கேட்டோம், சென்ற ஆண்டு திருவாசகத்தில் உருகினோம். நானோ பத்தாம் வகுப்பில் தேறி, அதற்கு மேற்பட்ட படியில் கால் வைத்து வழுக்கியவன். இக்கரக்பூர்ப் பணிமனையில் சரக்கு வேகன்களுக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா. நம் செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, “குடும்ப நலம் என்னும் பொருள்பற்றிச் சற்றே பேச வேண்டும்” என்றார். சிக்கனம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று ஏதேனும் பேசுவேன் என அவர் எண்ணியிருக்கக்கூடும். அவர் என்னைப் பொறுத்தருள்வாராக! நான் பேச வந்தது உள்ளத்துக் காயங்களைப்பற்றி. வளர்ந்து, மணமுடித்து, பிள்ளைபெற்ற நம்போன்றோர் நெஞ்சில் ஆறாமல் கிடக்கும் காயங்களைப்பற்றியும், அவற்றை ஆற்றும் ஒரு மருத்துவத்தைப்பற்றியும். புத்தகத்தில் படித்து அறிந்த செய்தி மட்டும் அன்று இது. நான் அம்மருத்துவம் செய்துகொண்டவன்.

இதனைச் சொல்லும்போதே முன்வரிசையில் இரண்டொருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் காண்கின்றேன். பார்க்கட்டும். நம் குடியிருப்பில் ஒரு வீட்டுக் குக்கரின் சீழ்க்கை மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். என் செய்தி மட்டும் மறைந்தா கிடக்கும்? அரையும் குறையுமாகப் பிறர் வாயிலாகக் கேட்பதினும், முழுதும் என் வாயால் கேட்பது நன்று.

2022ஆம் ஆண்டு, மழைக்கால மாலை ஒன்று. பணி முடிந்து வீடு திரும்பினேன். உள்ளே தொலைக்காட்சியின் ஒலியும், என் மகனும் மகளும் சேர்ந்து சிரிக்கும் ஒலியும் கேட்டன. வாயிலில் மிதிவண்டியை நிறுத்தி, அதன் ஸ்டாண்டைக் காலால் தட்டினேன். அந்த ஓசை எழுந்த நொடியே, “அப்பா வந்தாச்சு!” என்று என் மகன் தாழ்ந்த குரலில் சொன்னான். தொலைக்காட்சி நின்றது, சிரிப்பும் நின்றது. நான் உள்ளே நுழைந்தபோது அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் புத்தகத்தின்மேல் குனிந்திருந்தான். அவன் கழுத்து விறைத்திருந்தது. அந்தக் கழுத்தை நான் அறிவேன். அது என் கழுத்து.

என் தந்தையார் இதே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் குடித்தவர் அல்லர், சூதாடியவர் அல்லர், சம்பளப் பணத்தை எண்ணாமல் என் தாயார் கையில் கொடுத்தவர். ஆனால், சினந்தால் பேசமாட்டார். ஒரு நாள், இரண்டு நாள் அன்று, வாரக்கணக்கில் பேசமாட்டார். படியில் அவருடைய பூட்ஸ் விழும் ஓசையைக்கொண்டே அன்றைய வானிலையை நாங்கள் கணித்துவிடுவோம். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருமுறை தவறினேன். இரண்டாம் முறை முடிவு வந்த அன்று, உண்டுகொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்: “தண்டச்சோறு.” அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான்கு மாதங்கள் சென்றன. 1998ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, பணிக்குப் புறப்படும் வேளையில் மார்வலி கண்டு, மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே மறைந்தார்.

பணியிலிருக்கும்போது அவர் இறந்ததால், கருணை அடிப்படையில் எனக்கு இவ்வேலை கிடைத்தது. எண்ணிப் பாருங்கள்! எவர் என்னைத் தண்டச்சோறு என்றாரோ, அவருடைய சாவு எனக்குச் சோறு போட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு சம்பள நாளிலும் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

மூடிவைத்த காயம் வாளா இருப்பதில்லை. தந்தையைப்போல் இருக்கமாட்டேன் என்று பதினெட்டு வயதில் சூளுரைத்த நான், முப்பது வயதில் என் மனைவியோடு பதினொரு நாள் பேசாதிருந்தேன். காரணம் யாது? அவள் தங்கையின் திருமணத்திற்கு மொய் எவ்வளவு எழுதுவது என்பது! அவளுக்கும் ஒரு காயம் உண்டு. அவள் இசைவு பெற்றே சொல்கின்றேன். அவள் சிறுமியாக இருந்தபோது வேலை தேடி வெளியூர் சென்ற அவள் தகப்பனார், நெடுங்காலம் கடிதமும் இன்றி இருந்துவிட்டார். ஆகவே, எவரேனும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளால் தாங்க இயலாது. நான் மௌனம் பூண்டால், “என்ன கோபம்? சொல்லுங்கள்” என்று விடாமல் கேட்பாள். அவள் கேட்கக் கேட்க என் வாய் இறுகும். என் வாய் இறுக இறுக அவள் குரல் உயரும். அவள் குரல் உயர்ந்ததையே குற்றமாகக் காட்டி நான் வெளியேறிவிடுவேன். ஒருமுறை மொய்ப்பணம், ஒருமுறை ஊர்ப்பயணம், ஒருமுறை உப்புக் குறைந்த குழம்பு. வேடங்கள் மாறின, நாடகம் ஒன்றே.

அம்மழைக்கால மாலைக்குச் சில நாட்களின்பின் என் மனைவி சண்டையிடாமல், அமைதியாகச் சொன்னாள்: “பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போய்விடலாம் என்றிருக்கிறேன்.” அன்றிரவு எனக்கும் மார்வலி கண்டது. தந்தையார் மறைந்த வயது எனக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் இதயத்தைச் சோதித்துப் பழுதில்லை என்றார். உறக்கம், உணவு, வீடு என்று ஒவ்வொன்றாக வினவியபின், கல்கத்தாவிலுள்ள ஓர் உளநல ஆலோசகரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார். “எனக்குப் பைத்தியமா, டாக்டர்?” என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

அந்தச் சீட்டை மூன்று வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் அலுவலகத்தில் சிக் லைன் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தபோது கை தானே நின்றது. சிக் லைன் என்பது என்னவென்று இங்குள்ள சிறுவரும் அறிவர். வண்டியைச் சோதிப்பவர் ஒரு வேகனில் பழுது கண்டால் ‘சிக்’ என்று சீட்டு ஒட்டுவார். அதனைத் தொடரிலிருந்து கழற்றித் தனித்தடத்தில் நிறுத்துவர். பழுது நீங்கியபின் தகுதி எழுதி மீண்டும் தொடரில் கோப்பர். ‘இத்தனை ஆண்டு சுமை இழுத்தாயே, இப்போது உன் அச்சுச் சூடாகிறதே, வெட்கமில்லையா?’ என்று எந்த வேகனையும் எவரும் கேட்டதாக என் பதிவேட்டில் இல்லை. பழுதுள்ளதைச் சீட்டு ஒட்டாமல் ஓடவிட்டால்தான் விசாரணை வரும். ஏனெனில், அது தான் மட்டும் தடம் புரளுவதில்லை. நான் சனிக்கிழமை காலை ஹௌரா செல்லும் உள்ளூர் வண்டியில் ஏறினேன்.

அந்த ஆலோசகர் ஒரு வங்காள அம்மையார். என் தமக்கை வயதிருக்கும். முதல் இரண்டு முறையும் எனக்கு ஏமாற்றமே. அறிவுரை சொல்வார் என்று காகிதமும் பேனாவும் கொண்டு போயிருந்தேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ஐம்பது நிமிடம் முடிந்ததும், “அடுத்த முறை பார்ப்போம்” என்றார். அக்கால அட்டவணையில் மட்டும் நம் இரயில்வேயினும் கண்டிப்பு!

மூன்றாம் முறை என் தந்தையாரைப்பற்றிப் பேச்சு வந்தது. நான் இந்தியில் பேசிக்கொண்டிருந்தேன், இடையிடையே வங்காளி. அவர் சொன்ன அச்சொல்லை மட்டும் மொழிபெயர்க்க முயன்றேன். “வீணாகத் தின்பவன்” என்ற பொருளில் இந்தியில் ஏதோ சொன்னேன். சொன்னபோது ஒன்றும் நிகழவில்லை. யாரோ எவரையோ திட்டியதுபோல் இருந்தது. அவர் என்னை உற்றுப் பார்த்து, “உங்கள் தந்தையார் இந்தியிலா சொன்னார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அவர் சொன்னபடியே சொல்லுங்கள். எனக்குப் புரிய வேண்டியதில்லை” என்றார்.

அன்பர்களே, அந்தச் சொல்லை இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப்பின் என் வாயால் தமிழில் சொன்னேன். சொன்னவுடன் தட்டில் இருந்த சோறு என் கண்முன் தெரிந்தது. தாயார் அடுப்பருகில் திரும்பாமல் நின்ற முதுகு தெரிந்தது. நாற்பத்துநான்கு வயது ஆண்மகன், தமிழறியாத ஒரு மாதரசியின் முன் அமர்ந்து விம்மி விம்மி அழுதேன். அவர் ஆறுதல்கூடச் சொல்லவில்லை. ஒரு குவளை நீரை என் பக்கம் நகர்த்தினார். நாம் பிழைப்புக்காக எத்தனை மொழி பேசினும், காயம் எம்மொழியில் பட்டதோ அம்மொழியில்தான் வலிக்கிறது என்பதை அன்று அறிந்தேன்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். என் வரையில் அதுவே பெரிது. ஒருமுறை அவர் உடல்நலக் குறைவால் என் நேரத்தை ரத்துசெய்தார். அடுத்த முறை சென்றபோது நான் வாய் திறக்கவில்லை. கேட்டவற்றிற்கு “ஆம்”, “இல்லை” என்றேன். என் வீட்டு மௌனம் அந்த அறைக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்டது! என் மனைவியைப்போல் அவர் பின்தொடரவில்லை. என் தந்தையைப்போல் பதிலுக்கு முகம் திருப்பவுமில்லை. சிறிது நேரம் பொறுத்து, “சென்ற முறை நான் வராதது உங்களுக்கு வருத்தம் தந்திருக்கும். இந்த மௌனம் பேசக்கூடுமானால் என்ன சொல்லும்?” என்று கேட்டார். என் மௌனத்தை அஞ்சியவர் உண்டு, வெறுத்தவர் உண்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்டவர் அதுவரை இல்லை. “நான் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதானே என்று சொல்லும்” என்றேன். சொன்ன பிறகுதான், அக்கேள்வி அவரை நோக்கியது அன்று என்பது எனக்கு விளங்கிற்று. உறவில் விரிசல் விழுவதும், அது பேசி ஒட்டுவதும் அவ்வறையிலேயே நடந்தேறின. அவ்வாறு ஒட்டும் என்பதை நான் என் வீட்டில் கண்டதே இல்லை.

அவர் எனக்கு ஒரு பதிவேடும் கொடுத்தார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஆரன் பெக் என்னும் மருத்துவர் 1960களில் வகுத்த முறையைச் சார்ந்தது அது. நிகழ்ச்சி என்ன, அப்போது எழுந்த எண்ணம் என்ன, உணர்ச்சி என்ன, அவ்வெண்ணத்திற்குச் சான்று எது, எதிர்ச்சான்று எது என்று பத்தி பத்தியாக எழுத வேண்டும். எனக்கா பதிவேடு எழுதக் கற்பிக்க வேண்டும்? ஒரு மாதத்தில் முப்பது வரி எழுதினேன். காப்பி தாமதமானது, மகன் திரும்பிப் பாராதது, மேலதிகாரி கோப்பைத் திருப்பியது எனப் பல நிகழ்ச்சிகள். எண்ணப் பத்தியில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட வரிகளில் ஒரே வாசகம்: ‘எனக்கு இங்கே மதிப்பில்லை.’ கணக்கில் ஒரே பிழை இத்தனை இடத்தில் வந்தால், பிழை அவ்விடங்களில் இல்லை, வாய்ப்பாட்டில் இருக்கிறது என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியுமன்றோ?

என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கின்றாள். நான் செல்லும் இடத்தை முதலில் அவளிடமே சொன்னேன். அவள் தன் பாடநூல்களிலிருந்து எனக்கு எடுத்துரைத்த ஒன்றை உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன். செல்மா ஃபிரைபெர்க் என்னும் அம்மையார் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றியவர். 1975ஆம் ஆண்டு உடனுழைத்தோர் இருவருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தையின் அறையில் உலவும் பேய்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் ஓர் இளந்தாய் வருகின்றாள். அவளுடைய ஐந்தரைத் திங்கள் பெண்குழந்தை கதறி அழுகிறது. தாய்க்கோ அக்கதறல் காதில் விழாததுபோல் இருக்கிறது. கொடியவள் அல்லள் அவள். தானே தாயன்பின்றி, உறவினர் கைகளில் மாறிமாறி வளர்ந்தவள். உதவ வந்தவர்கள், ‘குழந்தையைத் தூக்கு’ என்று போதிக்கவில்லை. அவள் வீட்டிற்கே சென்று அவள் துயரத்தைக் கேட்டனர். தன் பழைய துயரத்திற்காக அவள் அழத் தொடங்கினாள். அழுதபின், தானாகவே குழந்தையை வாரி அணைக்கத் தொடங்கினாள். அவளது அழுகையை ஒருவர் கேட்டபிறகே, குழந்தையின் அழுகை அவளுக்குக் கேட்டது.

அக்கட்டுரையில் இன்னொரு நுட்பமும் உண்டு. துன்புற்று வளர்ந்தோர் எல்லாரும் பிள்ளைகளைத் துன்புறுத்துவதில்லை. பலர், தாம் பட்டது தம் பிள்ளைகள் படலாகாது என்று காத்துக்கொள்கின்றனர். வேறுபாடு எங்கே? அடிபட்ட செய்தியை எல்லாரும் நினைவு வைத்திருக்கின்றனர். அப்போது பட்ட அச்சத்தையும் வேதனையையும் நினைவு வைத்திருப்பவரே அதனைத் திரும்பச் செய்யாதிருக்கின்றனர். என் தந்தை பேசாதிருந்த நான்கு மாதக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. படிக்கட்டு ஓசைக்கு நடுங்கிய சிறுவனைத்தான் மறந்திருந்தேன். அவனை என் மகனின் கழுத்தில் கண்டேன்.

குழந்தைப் பருவத்துப் பாசமும் பிரிவும் பெரியவரின் காதலிலும் இல்லறத்திலும் நிழலாடுவதைப்பற்றி ஹேசன், ஷேவர் என்னும் இருவர் 1987இல் ஆராய்ந்து எழுதினராம். சிலர் பற்றிக்கொள்வர், சிலர் விலகி நிற்பர். இதைக் கேட்டதும் என் மனைவி, “இதற்கு அமெரிக்கா போக வேண்டுமா? நம் வீட்டிலேயே இருவரும் இருக்கிறோமே” என்றாள். இருமுறை அவளும் என்னோடு கல்கத்தா வந்தாள். இப்போது நான் வாய் இறுகினால், “எவ்வளவு நேரம் வேண்டும்?” என்று மட்டும் கேட்கின்றாள். நான் நேரத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தில் திரும்பிவர வேண்டும். எளிய ஒப்பந்தம்தான். ஆயினும், எழுத்தில்லாத இவ்வொப்பந்தத்தை நிறைவேற்ற எனக்கு ஓராண்டு பிடித்தது.

என் தாயாருக்கு இவை பிடிக்கவில்லை. “ஏண்டா, செத்துப்போன மனுஷரைக் குறை சொல்லவா காசு கொடுத்துப் போகிறாய்?” என்று கடிந்தார். நியாயமான கேள்வியே. ஆனால், அவ்வறையில் நான் என் தந்தையைப் பழிக்கக் கற்கவில்லை. அவரைப்பற்றிக் கேட்கக் கற்றேன். தாயாரிடமே கேட்டேன். பதினேழு வயதில் தகப்பனை இழந்து, மூன்று தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்போடு இந்த ஊருக்கு வந்தவர் அவர். தானும் ஒருகாலத்தில் ஒரு சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அதே சொல்லைக் கேட்டவராம். தாயார் இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. எனினும், அச்சொல் எனக்கென்று பிறந்ததன்று. என்னிடம் வந்து சேர்ந்தது என்று தெரிந்தது.

சொல்லால் பட்ட காயத்தைப்பற்றி வள்ளுவர் என்ன சொன்னார் என்பதை இங்குள்ள பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஆறாது என்றவரை மறுக்க நான் யார்? ஆனால், அவர் அங்கே ‘வடு’ என்னும் சொல்லைப் பெய்திருப்பதை நோக்குக. வடு இன்றும் என்னிடம் இருக்கிறது, தொட்டால் தெரிகிறது. சீழ் மட்டும் இல்லை.

இது மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாது என்பாரும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் வாழும் இவ்வங்க நாட்டிலேயே, கிரீந்திரசேகர போஸ் என்னும் மருத்துவர் 1922ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். வியன்னா நகரத்து ஃபிராய்டுக்கும் அவருக்கும் பல்லாண்டு கடிதப் போக்குவரத்து இருந்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. போஸ் குருவின் சொல்லை அப்படியே ஏற்றவரும் அல்லர். தம் கொள்கை வேறுபாட்டைத் துணிந்து எழுதியவர். 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு அச்சங்கத்தார் தந்தத்தாலான திருமால் உருவம் ஒன்றை அனுப்பினர். அதை அவர் தம் மேசைமீது வைத்துக்கொண்டார். நம் தமிழ்நாட்டிலோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களிலேயே நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்து மருத்துவம் செய்யத் தொடங்கிற்று. குடும்பத்தைப் பிரித்து ஒருவரைக் குணப்படுத்துவது நம் நாட்டில் நடவாது என்று கண்ட பேரறிவு அது.

இவ்வுதவி செய்வோரை இப்போது தமிழில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று வழங்குகின்றனர். அச்சொல்லைக் கேட்டதும் எனக்குப் பத்துப்பாட்டு நினைவுக்கு வந்தது. அதில் ஐந்து ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனைக் கண்டு, ‘இன்ன வழியே போ, நீயும் பெறுவாய்’ என்று வழி சொல்வான். நான் புலவன் அல்லன். ஆயினும் நானும் ஒரு பரிசு பெற்றுத் திரும்புகின்றேன். எனவே, எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கின்றேன்.

இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி உண்டு. எண் 14416, கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். என் சொல்லை மொழிபெயர்க்க நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டியதில்லை. உறக்கமே கெட்டு, உயிர்மேல் வெறுப்புத் தோன்றும் நிலை ஆயின் நாள் பார்க்க வேண்டா. அன்றே அழையுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். சிலர்க்கு மாத்திரையும் தேவைப்படும், அதில் இழுக்கில்லை. சொன்ன செய்தி வெளியே போகுமோ என்று அஞ்ச வேண்டா. மனநலம்பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. ஒருமுறை சென்றுவிட்டுப் பயனில்லை என்று திரும்பாதீர்கள். ஒருவரோடு மனம் ஒட்டாவிடின் வேறொருவரிடம் செல்லுங்கள். எம்முறை ஆயினும் இருவர்க்கும் இடையே நம்பிக்கை உண்டாவது இன்றியமையாதது என்று ஆராய்ந்தோர் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றனர். நான் பதினாறு முறை சென்றேன். செலவு இருந்தது. அவ்வாண்டு புதிய குளிர்பெட்டி வாங்கவில்லை. பழையது இன்னும் உறுமிக்கொண்டே ஓடுகிறது.

“உமக்கு முற்றும் குணமாயிற்றா?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். சென்ற மாதம் நடந்ததைச் சொல்கின்றேன். மகன் கணக்கில் முப்பத்தொன்று மதிப்பெண் வாங்கி வந்தான். தாளை என் கையில் கொடுத்துவிட்டு நின்றான். என் தாடை இறுகியது. அந்தப் பழைய மௌனம் காலிலிருந்து ஏறிவருவதை உணர்ந்தேன். அச்சொல்லும் நாவின் நுனிவரை வந்தது, பொய் சொல்லமாட்டேன். “தம்பி, எனக்குக் கோபம் வந்திருக்கிறது. இப்போது பேசினால் சரியாக இராது. அரை மணி கழித்துப் பேசுவோம்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் அமர்ந்தேன். செடிக்கு நீர் ஊற்றினேன். இருட்டத் தொடங்கியது. நேரம் போனதே தெரியவில்லை. பின்னால் காலடி ஓசை கேட்டது. திரும்பினேன். மகன் கணக்குப் புத்தகத்தோடு கதவருகே நின்றிருந்தான்.

“அப்பா, அரை மணி ஆகிவிட்டது” என்றான்.